மூலமும் செப்பமும்: இசைத்தட்டின் முதல் அச்சும் மறுபதிப்பும் எழுப்பும் அறவினாக்கள்

முன்னுரை

நூலின் முதற்பதிப்பைத் தேடிப் போற்றுவோர் எல்லா மொழியிலும் உண்டு. இசையுலகில் அவ்வேட்கை இசைத்தட்டின் முதல் அச்சைச் சார்ந்து நிற்கிறது. 1950களிலும் 1960களிலும் வெளிவந்த ஜாஸ், ராக் இசைத்தட்டுகள் பலவற்றின் முதல் அச்சுப் படிகள் இன்று பெருவிலை பெறுகின்றன. அதே இசை மூல ஒலிநாடாவிலிருந்து புதிதாகச் செப்பம் செய்யப்பெற்றுப் புதிய வினைல் தட்டாகவும் கடைகளில் கிடைக்கிறது. இவ்விரண்டையும் நாடுவோர் தொகை சிறிதன்று. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்கழகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் அந்நாட்டில் விற்ற வினைல் தட்டுகள் ஏறத்தாழ 4.1 கோடி; குறுந்தகடுகள் 3.3 கோடி. 1987க்குப் பின்னர் எண்ணிக்கையில் வினைல் குறுந்தகட்டை விஞ்சியது அதுவே முதன்முறை.

முதல் அச்சு, மறுபதிப்பு ஆகிய இரண்டனுள் எது உண்மையான இசை என்னும் வினா பெரும்பாலும் சுவை பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. கலைஞர் வாழ்ந்த காலத்தில், ஒலிநாடா புதிதாக இருந்தபோது வெட்டப்பட்ட தட்டே அவர் கருத்துக்கு அணுக்கமானது என்பர் ஒரு சாரார். அன்றைய கருவிகளின் குறையால் தட்டில் ஏறாமற் போன ஒலிகளை இன்றைய கருவி மீட்டுத் தருகிறது என்பர் மற்றொரு சாரார். இருவரும் தத்தம் செவியையே சான்றாகக் காட்டுவர். செவி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒலிக்கருவி வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆதலின் இவ்வழக்கு முடிவு காண்பதில்லை.

எனினும் இவ்வழக்கின் அடியில் சுவையைச் சாராத வினா ஒன்று உள்ளது. ஒருவர் படைத்துப் பலர் உழைத்து உருவாக்கிய ஒன்றைப் பிற்காலத்தவர் திருத்தி வெளியிடும்போது, அவர் யாருக்கு எவ்வகையில் கடமைப்பட்டவர் என்பதே அவ்வினா. சுவடியினின்று நூலைப் பதிப்பித்த மரபுடைய தமிழ் ஆய்வுலகிற்கு இது முற்றிலும் புதிய வினா அன்று. இசைத்தட்டின் வரலாற்றில் நிகழ்ந்த சில நிகழ்வுகளைக் கொண்டு அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில வழக்கில் ரீமாஸ்டரிங் எனப்படும் பணி இங்குச் செப்பம் என்றும், அவ்வாறு வெளியிடப்பெறும் தட்டு மறுபதிப்பு என்றும் சுட்டப்பெறும்.

தட்டு உருவாகும் முறை

அறவினாவை ஆராய்வதற்கு முன் தொழில்முறையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கொலம்பியா நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர் வழக்கிலிருந்த தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்திற்கு 78 முறை அளவில் சுழன்றவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே இசைத்தது. வினைல் தட்டின் நுண்வரிகள் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கும் மேற்பட்ட இசையைத் தாங்கின.

கலைக்கூடத்தில் பதிவான இசை முதலில் ஒலிநாடாவில் அமைகிறது. பல தடங்களில் பதிந்த ஒலிகளை ஒருங்கிணைத்து இறுதி ஒலிநாடா ஆக்கப்படுகிறது. அதனை இயக்கி, லாக்கர் பூசிய அலுமினியத் தகட்டில் வெட்டூசியால் வரியை வெட்டுவார் வெட்டுப் பொறியாளர். அத்தகட்டின்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தெடுத்தால் எதிருருவான தந்தைத் தகடு கிடைக்கும். அதிலிருந்து தாய்த் தகடும், தாய்த் தகட்டிலிருந்து அச்சுத்தகடுகளும் பிறக்கும். அச்சுத்தகட்டிற்கிடையே சூடான வினைலை வைத்து அழுத்துவதே அச்சு. அச்சுத்தகடு தேயும் இயல்புடையது. ஆதலின் ஒரே வெளியீட்டின் தொடக்கப் படிக்கும் பிற்படிக்கும் வேறுபாடு நேரலாம்.

இவ்வழியில் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவைக் கோருகிறது. தாழ்ந்த ஒலி மிகுந்தால் வரி அகன்று இடத்தைத் தின்னும், ஊசியும் துள்ளும். தட்டின் உட்பகுதியை நெருங்க நெருங்க ஊசியின்கீழ் வரி நகரும் வேகம் குறைவதால் உயரொலிகள் சிதையும். எனவே வெட்டுப் பொறியாளர் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும், உச்சங்களை அடக்கியும் வெட்டுவார். மேலும், வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைத் தணித்து உயரொலிகளை உயர்த்துவதும், இயக்கும்போது அதனை மறுதலையாக்குவதும் இத்தொழிலின் அடிப்படை. அதற்கான பொது அளவு 1954இல்தான் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவைக் கொண்டிருந்தது. ஆகவே முதல் அச்சும் ஒலிநாடாவின் நேர்ப்படி அன்று என்பது தெளிவு. அதுவும் ஒருவர் செவியும் கையும் முடிவு செய்த ஒரு செப்பமே.

மூலம் என்பதன் பல பொருள்கள்

மேற்கூறியவற்றால் 'மூலம்' என்னும் சொல் இங்குக் குறைந்தது மூன்று பொருள்களைத் தாங்குவது புலனாகும். இசைஞர் ஓர் அறையில் இசைத்த நிகழ்வு ஒன்று. அந்நிகழ்வைத் தாங்கிய ஒலிநாடா ஒன்று. மக்கள் கைக்கு வந்து சேர்ந்த தட்டு ஒன்று. முதல் அச்சை விரும்புவோர் மூன்றாவதனையும், மறுபதிப்பை விரும்புவோர் இரண்டாவதனையும் மூலம் எனக் கொண்டு, இரு சாராரும் முதலாவதன் பெயரால் வழக்காடுகின்றனர்.

லெட் செப்பெலின் குழுவின் இரண்டாம் தொகுப்பு 1969இல் வெளிவந்தது. அதனை முதலில் வெட்டியவர் ராபர்ட் லட்விக். ஒலிநாடாவின் ஆற்றலை மிகுதியும் காத்து வெட்டப்பட்ட அத்தட்டு, மலிவான இயக்கிகளில் ஊசியைத் துள்ளச் செய்தது. அதனால் நிறுவனம் அவ்வெட்டை விலக்கி, உச்சங்களை அடக்கி மீண்டும் வெட்டச் செய்தது. தட்டின் நடுவண் ஒலியற்ற பகுதியில் 'ஆர்.எல்.' என்னும் எழுத்துகள் கீறப்பெற்ற முதல் அச்சுப் படிகளைச் சேகரிப்போர் இன்று பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் உலகம் கேட்டுப் பழகியது அடக்கப்பட்ட பிற்கால வெட்டையே. கலைக்கூடத்திற்கு அணுக்கமான தட்டு ஒன்றாகவும், வரலாற்றில் வாழ்ந்த தட்டு மற்றொன்றாகவும் இங்கு அமைந்துவிட்டன. இவற்றுள் ஒன்றனை மட்டும் மூலம் எனக் கூறுவது எந்த உறவைக் கருதிக் கூறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நெல்சன் குட்மன் 1968இல் வெளிவந்த 'கலையின் மொழிகள்' என்னும் நூலில் கலைகளை இருவகைப்படுத்தினார். ஓவியம் போன்றவற்றில் எத்துணைத் திருத்தமான படியும் மூலமாகாது. கவிதை போன்றவற்றில் எழுத்துப் பிறழாத படி எதுவும் மூலத்திற்கு நிகராம். செதுக்கிய தகட்டிலிருந்து எடுக்கும் அச்சோவியம் பல படிகளாக அமைந்தும் முதல்வகையைச் சாரும். எந்தத் தகட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் பிறப்பு வரலாறு அதன் உண்மையைத் தீர்மானிக்கிறது. இசைத்தட்டு இவ்வச்சோவியத்தை ஒத்தது எனலாம். அதன் ஒவ்வொரு படியும் ஒரு பிறப்பு வரலாற்றை உடையது. ஆகவே 'எது மூலம்' என வினவுவதினும், 'இது எதிலிருந்து, எவ்வாறு, யாரால் பிறந்தது' என வினவுவதே பொருத்தமாகும். முதல் வினாவிற்கு விடை ஒன்றாக இராது. இரண்டாம் வினாவிற்கு மெய்யான விடையும் உண்டு, பொய்யான விடையும் உண்டு. அறம் இவ்விரண்டாம் வினாவிலேயே தொழிற்படுகிறது.

பிழையைத் திருத்துதல்

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959இல் நியூயார்க்கில் கொலம்பியாவின் முப்பதாம் தெருக் கலைக்கூடத்தில் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய நாள்களில் பதிவாயிற்று. மார்ச் பதிவில் முதன்மை ஒலிநாடாக் கருவி சற்றே மெதுவாக ஓடியிருந்தது. எனவே அந்நாடாவை உரிய வேகத்தில் இயக்கித் தட்டு வெட்டியபோது, முதற்பக்கத்தின் மூன்று உருப்படிகளும் இசைத்ததைவிடச் சற்று விரைந்தும் சுருதி உயர்ந்தும் ஒலித்தன. உடன் ஓடிய காப்புக் கருவியின் நாடா பிழையின்றி இருந்தது. அதனைக் கொண்டு 1992இல் வெளியான மறுபதிப்பு வேகத்தைத் திருத்தியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகம் கேட்டுப் போற்றியது பிழையான சுருதியில் அமைந்த இசையையே.

திருத்தியது முறையா என்னும் வினாவிற்கு இரு பக்கமும் வலுவுண்டு. இசைஞர் எவரும் அவ்வுயர்ந்த சுருதியை எண்ணி இசைக்கவில்லை. அது இயந்திரத்தின் குறை. அதனைக் களைவது இசைஞர்க்குச் செய்யும் நேர்மை. மறுபுறம், ஒரு தலைமுறை இசைஞர் அத்தட்டோடு இயைந்து வாசிக்கத் தம் கருவியின் சுருதியைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பிழையும் அவர்தம் இசைக்கல்வியின் ஒரு கூறாயிற்று. அத்தட்டு பிறர் இசையில் விளைத்த தாக்கத்தை ஆராய்பவர்க்கு முதல் அச்சே சான்று; அந்நாளில் அறையில் என்ன இசைக்கப்பட்டது என ஆராய்பவர்க்கு 1992இன் பதிப்பே சான்று.

இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை இருவேறு பொருள்களைப் பற்றியவை. ஆகவே பிழைதிருத்தம் தன்னளவில் குற்றமாகாது. திருத்தம் எங்கு, எந்தச் சான்றைக் கொண்டு செய்யப்பட்டது என்பதைக் கூறியும், திருத்தப்படாத வடிவத்தைத் தேடுவோர்க்கு வழியை அடைக்காமலும் செய்யப்படுமாயின், அது அறிவை வளர்க்கும் பணியாகவே அமையும். எல்லாத் திருத்தமும் இத்தகையது அன்று என்பதை அடுத்த நிகழ்வு காட்டும்.

அழிக்கப்பட்ட உழைப்பு

ஆஸி ஆஸ்பர்னின் 'பிளிசார்ட் ஆஃப் ஆஸ்' 1980இலும், 'டைரி ஆஃப் எ மேட்மேன்' 1981இலும் வெளிவந்தன. இரண்டிலும் பேஸ் கிதார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி. முரசு முழக்கியவர் லீ கெர்ஸ்லேக். உரிமைத்தொகை தொடர்பாக இவ்விருவர்க்கும் ஆஸ்பர்ன் தரப்பினர்க்கும் வழக்கு மூண்டது. 2002இல் அத்தொகுப்புகள் மீண்டும் வெளிவந்தபோது, இவ்விருவரும் வாசித்த பகுதிகள் நீக்கப்பட்டு, ராபர்ட் ட்ருஹீயோ, மைக் போர்டின் ஆகியோர் புதிதாக வாசித்தவை அவ்விடங்களில் வைக்கப்பட்டன. இரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2011ஆம் ஆண்டின் மறுபதிப்பில் பழைய பகுதிகள் மீண்டும் இடம்பெற்றன.

இங்கு நிகழ்ந்தது ஒலிச்செப்பம் அன்று. வரலாற்றிலிருந்து இருவரை நீக்குதல். அத்தொகுப்புகளில் கிதார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982இல் விமான விபத்தில் மறைந்தவர். அவர் டெய்ஸ்லியின் இசையைக் கேட்டு, கெர்ஸ்லேக்கின் முழக்கத்திற்கு இயைந்து வாசித்தவர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வாசிப்பு பிறரது வாசிப்போடு பிணைக்கப்பட்டது. இறந்தவரின் உடன்பாட்டைக் கேட்க வழியில்லை. அவர் உடன்படுவார் எனக் கொள்ளவும் சான்றில்லை. குழுவாக இசைத்தல் என்பது ஒருவர் மற்றவர்க்கு விடைகூறுவது போன்றது. வினாவை மாற்றிவிட்டு விடையை மட்டும் நிறுத்தினால், விடைகூறியவர் சொல்லாததைச் சொன்னதாகிறது.

உரிமை பெற்றவர் தம் உடைமையை எவ்வாறு வேண்டினும் வெளியிடலாம் என்பது சட்டத்தின் நோக்கு. அந்நோக்கு அறத்தின் எல்லையை முழுதும் அளப்பதில்லை. பதிவை விற்கும் உரிமை கைமாறும்; பதிவில் உழைத்தார் என்னும் உண்மை கைமாறுவதில்லை.

படைப்பாளியே திருத்தும்போது நிலை சற்று வேறுபடும். இகி பாப்பின் 'ரா பவர்' 1973இல் வெளிவந்தபோது அதன் ஒலிக்கலவையைச் செய்தவர் டேவிட் போவி. 1997இல் இகி பாப் தாமே அதனை மீண்டும் கலந்து, மிக உரத்த ஒலியுடன் வெளியிட்டார். தம் இசையை மறுமுறை நோக்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1973இன் கலவை போவியின் பணியுமாகும். இருபத்து நான்கு ஆண்டுகள் கேட்டோரின் நினைவுமாகும். 2010இல் போவியின் கலவை மீண்டும் வெளியிடப்பட்டதால் இன்று இரண்டும் கிடைக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்காமல் இரண்டும் பெயர் சுட்டி நிற்பதே இத்தகைய வழக்குகளுக்குத் தகுந்த தீர்வு எனலாம்.

ஆஸ்பர்ன் நிகழ்வு முதல் அச்சின் மதிப்பையும் வேறோர் ஒளியில் காட்டுகிறது. 2002க்கும் 2011க்கும் இடையில் டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் ஆகியோரின் இசைக்குச் சான்றாக நின்றவை, கேட்போர் வீடுகளில் இருந்த பழைய தட்டுகளும் குறுந்தகடுகளுமே. அவை இனிமையால் மதிப்புப் பெறவில்லை. உரிமையாளரின் கைக்கு எட்டாதவை என்பதால் மதிப்புப் பெற்றன. விற்ற தட்டை எவரும் திரும்ப அழைத்து மாற்ற இயலாது. இணைய வழியாக இசை கேட்கும் இக்காலத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. சேவைக் கணினியில் உள்ள கோப்பு ஒன்றை அகற்றி அதே பெயரில் வேறொன்றை வைத்தால், கேட்பவர்க்கு மாற்றம் தெரிய வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இராது.

செவியும் நம்பிக்கையும்

மறைக்கப்பட்ட மாற்றத்தை எவரும் செவியால் அறியவில்லையாயின் தீங்கு உண்டோ என்னும் வினா இங்கு எழும். 2022ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று இவ்வினாவிற்குச் சோதனைக் களமாயிற்று.

மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம் மூல ஒலிநாடாக்களிலிருந்து உயர்தர மறுபதிப்புகளை வெளியிட்டுப் புகழ்பெற்றது. தந்தை, தாய்க் கட்டங்களைத் தவிர்த்து ஒரே படியில் அச்சுத்தகடு செய்யும் முறையில் அது வெளியிட்ட தட்டுகள் 125 டாலர் வரை விலை பெற்றன. எண்ணியல் முறை எதுவும் கலவாத தூய தொடரொப்பு வழி இது எனப் பலரும் நம்பினர். உறையில் இருந்த விளக்கப்படத்திலும் எண்ணியல் கட்டம் காட்டப்படவில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இம்முறையில் 40,000 படிகள் வெளிவரும் என அறிவிக்கப்பட்டபோது ஐயம் பிறந்தது. அத்தனை படிகளுக்கு எண்ணற்ற லாக்கர் தகடுகள் வேண்டும். அதற்கு விலைமதிப்பற்ற மூல நாடாவை மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும். 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகர இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் இதனை வெளிப்படையாக எழுப்பினார். அதன்பின் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஒலிநாடாவை முதலில் டி.எஸ்.டி. என்னும் எண்ணியல் வடிவில் பதிந்து, அதிலிருந்தே தட்டு வெட்டப்படுவதை ஒப்புக்கொண்டனர். அம்முறை 2011 முதலே வழக்கில் இருந்ததும் தெரியவந்தது. வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். தட்டைத் திருப்பித் தந்து பணம் பெறும் வழியையும் உள்ளடக்கிய இணக்கத் தீர்வில் அவ்வழக்கு முடிந்தது.

இந்நிகழ்வு இரு சாராரையும் சுடுவதாகும். எண்ணியல் ஒலி உயிரற்றது எனச் செவியால் உணர்வதாகக் கூறியோர் பலர், எண்ணியல் வழி வந்த தட்டுகளையே தொடரொப்பு ஒலியின் சிகரம் எனப் போற்றியிருந்தனர். செவியை மட்டும் சான்றாகக் கொள்ளும் வாதம் இதனால் வலுவிழந்தது. எனினும் இதிலிருந்து, 'கேட்டவர் அறியவில்லை. ஆகவே தீங்கில்லை' என்னும் முடிவைப் பெற இயலாது. அறியாமை தீங்கின்மைக்குச் சான்றாகுமாயின், திறமையாகச் சொல்லப்பட்ட பொய் யாவும் குற்றமற்றதாகிவிடும்.

இவ்விடத்தில் குட்மனின் மற்றொரு கருத்தும் துணைசெய்யும். மூலத்திற்கும் போலிக்கும் இன்று கண்ணால் வேறுபாடு காண இயலாவிடினும், இரண்டும் வேறு என்னும் அறிவு நாம் பார்க்கும் முறையையும், நாளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் முறையையும் மாற்றும் என்பது அவர் வாதம். ஒலிக்கும் இது பொருந்தும். தட்டின் பிறப்பு வரலாற்றை அறிந்து கேட்பவர் தம் செவியைப் பயிற்றிக்கொள்ள முடியும். தம் முற்கோளையும் சோதித்துக்கொள்ள முடியும். பொய்யான வரலாற்றை நம்பிக் கேட்பவர்க்கு அவ்விரு வழியும் அடைபடுகின்றன. அந்நிறுவனம் எண்ணியல் முறையைத் தொடக்கத்திலேயே கூறியிருப்பின், அம்முறையின் தகுதியை ஆயிரக்கணக்கானோர் நடுநின்று கேட்டு உணர்ந்திருப்பர். ஒலிநாடாவைத் தேயாமற் காக்கும் நல்ல முறையொன்று மறைக்கப்பட்டதாலேயே இழிவெய்தியது.

வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பெருக்கத்தால் கலைப்பொருள் தன் தனித்த இருப்பின் ஒளிவட்டத்தை இழக்கிறது என்றார். இசைத்தட்டு அவ்வியந்திரப் பெருக்கத்தின் குழந்தை. அவ்வாறிருந்தும் முதல் அச்சைச் சூழ்ந்து புதியதோர் ஒளிவட்டம் வளர்ந்திருப்பது நோக்கத்தக்கது. ஆயிரக்கணக்கில் அச்சான பொருளுக்குத் தனித்த இருப்பு ஏது என வினவலாம். ஒவ்வொரு தட்டும் எந்த நாளில், எந்த ஆலையில், எவர் கைவழி வந்தது என்னும் வரலாறே அதன் தனித்தன்மை. அவ்வரலாற்றைப் போற்றுவது அறிவின்பாற்படும். அரிதாய்க் கிடைப்பதாலும் விலை மிகுதியாலும் மட்டும் போற்றுவது வாணிகத்தின்பாற்படும்.

காப்பும் கடமையும்

மறுபதிப்பையே வேண்டாம் என மறுப்பதும் இயலாது. ஒலிநாடா அழியும் பொருள். 1970களில் உற்பத்தியான நாடாக்கள் பலவற்றில், காந்தத் துகளைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை ஏற்றுப் பிசுபிசுத்துப்போனது. அத்தகைய நாடாவை மிதமான வெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்தி, ஒலியைப் படியெடுப்பது வழக்கம். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல அழிந்தன. அவ்விழப்பின் விரிவு 2019இல்தான் இதழ்வழி உலகிற்குத் தெரிந்தது. அதன் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவின் பேனிங் நகரில் லாக்கர் தகடு செய்யும் அப்பல்லோ நிறுவனத்தின் ஆலையும் எரிந்தது. அந்நாளில் உலகிற்கு அத்தகட்டை வழங்கியவை அதனையும் சேர்த்து இரண்டே நிறுவனங்கள். மூலம் என்றும் இருக்கும் என்னும் நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பதை இவை காட்டும். நாடா அழிந்தபின் எஞ்சுவது முன்னர் எடுத்த படியும் பழைய தட்டுமே. காலத்தில் செய்த மறுபதிப்பு இந்நிலையில் காப்புப் பணியாகிறது.

இந்திய இசைக்கும் இவ்வினா அயலானதன்று. ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த காலந்தொட்டு இந்நாட்டில் வெளிவந்த அரக்குத் தட்டுகள், 78 என்னும் எண்ணைத் தாங்கினும் எப்போதும் அவ்வேகத்தில் பதிவானவை அல்ல. ஜாஸ் இசையில் பியானோவின் நிலைத்த சுருதி வேகப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். கருநாடக இசையில் பாடுவோர் தம் குரலுக்கேற்ற ஆதார சுருதியைக் கொள்வதால் அத்தகைய புற அளவுகோல் இல்லை. அரை சுருதி உயர்த்திப் படியெடுத்தால், மறைந்த பாடகரின் குரல் இளமையுற்றும் பிருகாக்கள் விரைவுற்றும் ஒலிக்கும். அதுவே அவர் இயல்பு எனப் பிற்காலம் கொள்ளும். இரைச்சலை அகற்றும் கருவியும் அளவு மீறினால் தம்பூராவின் கார்வையையும் உடன் அகற்றிவிடும். ஆகவே எந்த வேகத்தில் படியெடுக்கப்பட்டது, எவ்வளவு இரைச்சல் நீக்கப்பட்டது என்னும் குறிப்பு, நமது இசைக்கு மேலும் இன்றியமையாதது.

பதிப்பியல் காட்டும் நெறி

மேற்கூறிய இடர்ப்பாடுகளைத் தமிழ்ப் பதிப்பியல் வேறொரு களத்தில் எதிர்கொண்டுள்ளது. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து சொல் கிடைக்காத இடங்களைத் தம் புலமையால் நிரப்பவில்லை, புள்ளியிட்டுக் காட்டினார். கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்குவதும், பாடவேறுபாடுகளைப் பதிவு செய்வதும், சுவடி தந்தவரைச் சுட்டுவதும் நல்ல பதிப்பின் இலக்கணமாயின. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்கிறார்; அத்தேர்வை மறுப்பதற்கு வேண்டிய சான்றையும் தம் பதிப்பிலேயே வைத்துச் செல்கிறார். அவர்க்கும் கற்போர்க்கும் இடையிலுள்ள நம்பிக்கை இச்செயலால் பிறக்கிறது.

இசைத்தட்டும் சுவடியும் ஒருதன்மையன அல்ல. சுவடியில் எழுத்து நிலைத்தால் நூல் நிலைக்கும். இசைப்பதிவில் குரலின் கரகரப்பும் அறையின் எதிரொலியும் படைப்பின் பகுதி. அதனால் இசைப்பதிவில் திருத்துவோர் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது. ஆனால் நடைமுறையில் மறுபதிப்பு உறைகள் பலவும் 'மூல நாடாவிலிருந்து செப்பம் செய்யப்பெற்றது' என்னும் ஒரு தொடரோடு அமைகின்றன. எந்த நாடா, முதற்படியா மறுபடியா, எண்ணியல் கட்டம் உண்டா, உச்சங்கள் அடக்கப்பட்டனவா, வெட்டியவர் யார் என்பன கூறப்படுவதில்லை. பாடவேறுபாடு சுட்டாத பதிப்பைப் புலமையுலகம் ஐயத்தோடு நோக்கும். அவ்வையம் இசைப் பதிப்பிற்கும் உரியதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். முதல் அச்சும் ஒரு செப்பமே. முதலில் வந்தது என்பதனால் மட்டும் அது மெய்யாகிவிடாது. மறுபதிப்பும் மூலத்தின் பகையன்று. பிழையைத் திருத்துவதாகவும் அழிவினின்று காப்பதாகவும் அது அமையக் கூடும். மறுபதிப்பாளர்க்கு மூன்று கடமைகள் உண்டு. தட்டின் பிறப்பு வரலாற்றை மறையாது கூறுவது கேட்போர்க்குச் செய்யும் கடமை. பதிவில் உழைத்தார் எவரையும் நீக்காதிருப்பது இசைஞர்க்குச் செய்யும் கடமை. முந்தைய வடிவங்களை எட்டாப்பொருள் ஆக்காதிருப்பது வருங்காலத்தார்க்குச் செய்யும் கடமை. 'கைண்ட் ஆஃப் புளூ' நிகழ்வில் திருத்தம் அறிவை வளர்த்தது. ஒலிநாடாவைக் காக்கும் முறையொன்று முதற்கடமை தவறியதால் வழக்காயிற்று. 2002ஆம் ஆண்டின் மறுபதிப்புகள் பிற இரண்டிலும் தவறின.

முதல் அச்சைப் பாதுகாப்போர்க்கும் இதில் பங்குண்டு. செவியின் பெயரால் பிறரை இகழ்வதை விடுத்து, தம்மிடமுள்ள தட்டு எந்த வெட்டைச் சேர்ந்தது, எவ்வகையில் பிறவற்றின் வேறுபடுகிறது எனப் பதிந்து, ஆய்வோர் கேட்கவும் ஒப்பிடவும் இடந்தருவாராயின், அவர்தம் சேகரிப்பு விலைப்பொருள் என்னும் நிலையினின்று சான்று என்னும் நிலைக்கு உயரும். ஏட்டுச்சுவடிகளை வீட்டுப் பரணில் காத்துப் பதிப்பாசிரியர் கேட்டபோது எடுத்துத் தந்தோர் ஆற்றிய பணி அத்தகையதே. ஒலிநாடாக்கள் தேய்ந்தும் எரிந்தும் குறைந்துவரும் இந்நாளில் அப்பணியைத் தள்ளிப்போடுதல் இயலாது.